உன் பெரிய சாரி கிடைத்தது

என் பிள்ளைக்கு,

நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறாய். பள்ளி விடுமுறை, அதிலும் சனிக்கிழமை மத்தியானம். தாப்பா ரோட்டில் ஏறி வந்த கார்கள் எல்லாம் எங்கள் எஸ்டேட் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிற நேரம். டீ ஹவுஸ் கண்ணாடி வராந்தாவில் ஒரு நாற்காலி காலியில்லை. ஸ்கோன் சூடு பண்ணுகிற அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. உன் பெயரைப் பார்த்ததும் ஆசையாக இருந்தது. மேரியை கவுன்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பான்ட்ரிக்குள் போய் வாசித்தேன். ‘டியர் அம்மா’ என்று ஆரம்பித்திருந்தாய். பெற்று வளர்த்த இத்தனை வருஷத்தில் நீ என்னை டியர் என்று கூப்பிட்டதில்லை. அங்கேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் அடுத்த வரி. ‘வீ சின்சியர்லி அபாலஜைஸ் ஃபார் எனி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்.’ அதற்கடுத்த வரியில், இப்போதைக்கு என்னை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வசதிப்படவில்லை என்பதற்கு வருந்துகிறோம் என்று அதே கோட்டு சூட்டு போட்ட இங்கிலீஷில். அவ்வளவுதான். வருஷக் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டும், உனக்குத் தெரியாததில்லை. எங்கே போய் இருப்பேன் என்ற கேள்விக்கு என் ஒரே பிள்ளை சொன்ன பதில் அது. பான்ட்ரியில் சர்க்கரை மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மேரி பார்த்திருப்பாள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இதைக் கையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி மேரியிடம் கொடுப்பேன். போனில் தட்டினால் அது தானாகவே அடுத்த வார்த்தையை எடுத்து நீட்டுகிறது. நான் கோபமாக ஒன்று சொல்ல வந்தால் அது மரியாதையாக வேறொன்றைக் காட்டுகிறது. எது அதன் வார்த்தை, எது என் வார்த்தை என்றே தெரியாமல் போய்விடும் என்ற பயம். எல்லாவற்றிலும் சந்தேகமா உனக்கு என்று நீ கேட்பாய். ஆமாம், எல்லாவற்றிலும்தான். எடை போடுகிறவனை நம்பிக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவர்கள் ஏமாந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெயிலடித்தால் குடை எடுத்துப் போவேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். உன் அப்பா இதைச் சொல்லியே என்னைக் கேலி பண்ணுவார். “உன்னைய போலீஸ்ல சேத்திருந்தா மலையில ஒரு திருட்டு நடக்காதுடி” என்பார். அவர் இருந்த வரைக்கும் அது கேலியாக இருந்தது. இப்போது அது எனக்கே பாரமாகிவிட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உன் இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பதை விட்டு டீ ஹவுஸுக்கு என்னை மாற்றியபோது, சின்ன வயது மேனேஜர் ஒருத்தி கோலாலம்பூரில் இருந்து வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். டீ போட அல்ல, சாரி சொல்ல. எந்தத் தப்புக்கு எந்த சாரி என்று ஒரு நாள் முழுக்க நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் கவுன்டர் பொம்பளைகள் அதற்கு எங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டோம். டீ வரத் தாமதமானால் “சாரி ஆ” என்று சிரித்துக்கொண்டே சொல்வது சின்ன சாரி. சொல்லிவிட்டு ஓடிப்போய் டீயைக் கொண்டுவர வேண்டும். ஆர்டர் மாறிப்போனால் “சோ சாரி சார், ஐ சேஞ்ச் ஃபார் யூ” என்பது நடு சாரி. மாற்றிக் கொடுத்து, தட்டில் ஒரு ஜாம் கிண்ணம் கூடுதலாக வைக்க வேண்டும். கடைசியில் இருப்பது பெரிய சாரி. அதில் ‘நான்’ கிடையாது, ‘வீ’ வந்துவிடும். ‘சின்சியர்லி’ வரும், ‘ரிக்ரெட்’ வரும், ‘எனி இன்கன்வீனியன்ஸ்’ வரும். தப்பு இன்னது என்று மட்டும் வரவே வராது. அந்த சாரியை எப்போது சொல்வோம் தெரியுமா? ஒன்றும் செய்வதாக இல்லை என்றால் சொல்வோம். மழை பெய்து வராந்தா மூடினால், பஸ்ஸில் வந்த கூட்டத்துக்கு ஸ்கோன் தீர்ந்துபோனால், அடைத்த கழிவறையைத் திறக்க முடியாவிட்டால். சின்ன சாரி சொன்னால் புது டீ வரும். பெரிய சாரி சொன்னால் வாடிக்கையாளர் வெறுங்கையோடு படியிறங்கிப் போவார். இத்தனை வருஷம் அந்த கவுன்டரில் நின்று நான் கண்டது இதுதான், சாரி நீள நீள கை சுருங்கும்.

பெரிய சாரியை முதல் முதலாக நான் தெரிந்துகொண்ட நாளை உனக்குச் சொன்னதில்லை. சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று வந்திருந்தது. அந்த வீட்டு அம்மாள் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நான்தான் அந்தப் படியைத் துடைத்தேன், காயும் முன்னால் கயிறு கட்டாமல் உள்ளே போய்விட்டேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து “சாரி மேடம், மை ஃபால்ட், ஐ மாப்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டே எழுந்து, பரவாயில்லை, உன் மேல் தப்பில்லை, என் செருப்பு அப்படி என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் மேனேஜர் என்னைப் பான்ட்ரிக்குக் கூட்டிப்போய், “அக்கா, ஹௌ ஆர் யூ ஃபீலிங்னு கேளுங்க, ஐஸ் கொடுங்க, நாற்காலி போடுங்க. மை ஃபால்ட்னு மட்டும் வாயில வரக்கூடாது” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு மேலே இருப்பவர்கள் அவளுக்கு அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அன்றிலிருந்து யாராவது நீளமாக, அழகாக, பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டால், இந்தாள் எதை மறைக்கிறான் என்றுதான் என் புத்தி போகிறது.

நீ கேஎல்லில் அந்த பெரிய கம்பெனியில் வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தபோது நான் பட்ட பெருமையை மேரியைக் கேட்டுப் பார். என் மகனுடைய இங்கிலீஷை ஆபீஸே நம்பியிருக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பிறகு ஒரு நாள் நீ வீட்டுக்கு வந்து மேஜையில் லேப்டாப்பை விரித்து வைத்து எழுதியதை எட்டிப் பார்த்தேன். எல்லாம் பெரிய சாரி. அப்போதுதான் உன் வேலையும் என் வேலையும் ஒன்றுதான் என்று புரிந்தது. யாரோ செய்த தப்புக்கு நம் வாயால் வருந்துவது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, அதுதான் நமக்குச் சோறு போட்டது. வேலைக்குப் போட்ட யூனிஃபார்மோடு வீட்டுக்குள் வந்துவிட்டாயே என்பதுதான் என் வருத்தம். சின்னப் பிள்ளையில் நீ எத்தனை சாரி சொல்லியிருக்கிறாய்! பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்திவிட்டு, என் பூட்ஸில் தவளையை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டே “சாரிமா” என்று கத்துவாய். நிற்கக்கூட மாட்டாய். அதில் ஒரு துளி வருத்தம் இருக்காது, ஆனால் நீ இருப்பாய். இந்தச் சேதியில் வருத்தம் வழிகிறது, உன்னைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

உன் அப்பா எந்த மொழியிலும் சாரி சொன்னதில்லை. எஸ்டேட் லோரி ஓட்டுகிறவருக்கு வாய் நீளம், என்னோடு சண்டை போட்டால் லைன் முழுக்கக் கேட்கும். விடிந்து நான் கொழுந்துக்குக் கிளம்பும்போது பார்த்தால் என் பூட்ஸ் இரண்டும் சேறு போகக் கழுவி, கவிழ்த்து வைத்திருக்கும். அதுதான் அவர் சாரி. நானும் அதில் காலை விட்டுக்கொண்டு போவேன். ஒரு தடவை மட்டும், இந்த மனுஷன் நேற்றுச் சண்டை எதுவும் போடவில்லையே, பூட்ஸைக் கழுவி வைத்திருக்கிறானே, என்ன செய்துவிட்டு வந்தானோ என்று நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் கேட்டே விட்டேன். “சேறா இருந்துச்சு, கழுவினேன் லா. இதுக்கும் கேஸா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

சரி, உன் சேதிக்கு வருகிறேன். அதை மேரியிடம் காட்டினேன். எனக்கு முதலில் வந்த சந்தேகம், இதை நீ எழுதவே இல்லை என்பது. மேரி மகள் வந்திருந்தாள், அவள் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, இப்ப போன்ல கேட்டாலே இந்த மாதிரி எழுதிக் குடுக்கும். எத்தனை பொலைட்டா வேணும்னுகூட கேக்கும்” என்றாள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மிஷின் எழுதியது என்றால் பிள்ளை மனசில் இல்லை என்று அர்த்தம். பிறகு உடனே அடுத்த சந்தேகம். மிஷினிடம் போய்க் கேட்டவன் யார்? அம்மாவுக்கு எழுத, அதுவும் இதை எழுத, இன்னொன்றின் உதவி உனக்கு ஏன் வேண்டியிருந்தது? “விடுக்கா, பயலுக்கு சொல்ல கூச்சமா இருந்திருக்கும்” என்றாள் மேரி. எனக்கு விட மனசில்லை. ‘வீ’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த இன்னொரு ஆள் யார் என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? உன் பெண்டாட்டிதான் என்று தீர்மானித்தேன்.

கவிதா மேல் எனக்கு முதலிலிருந்தே ஒரு கண் உண்டு, ஒளிப்பானேன். நல்ல பெண் என்று எல்லோரும் சொன்னார்கள், அதனாலேயே. போன தடவை உங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது அவள், “அத்தை, உங்களுக்கு மலைக் குளிர் பழகிப்போச்சு, இந்தச் சூடு தாங்குதா?” என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டிருப்பாள். எனக்கு அது, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்ட மாதிரி இருந்தது. அவள் வேலை முடிந்து தாமதமாக வந்த நாளில் ரோட்டில் ஜாம் என்றாள். உங்கள் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிற ஜாகாவிடம் பேச்சுவாக்கில், அந்தப் பெண் தினமும் எத்தனை மணிக்கு வருகிறாள், யாராவது கொண்டுவந்து விடுகிறார்களா என்று விசாரித்தேன். பாவம் அந்த மனுஷர், தினமும் தனியாகத்தான் வருவாள் என்றார். அவர் ஏன் அவ்வளவு அவசரமாக அவளுக்குப் பரிந்து பேசினார் என்று அதையும் யோசித்தேன். சிரிக்காதே. அப்படித்தான் யோசித்தேன். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, உன் சேதியில் இருக்கிற ‘ரிக்ரெட்’ அவளுடையது, நீ கையெழுத்துப் போட்டவன் மட்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவோடு இருந்தபோதுதான் அவள் வந்தாள். நீ ஜொகூருக்கு ஆபீஸ் வேலையாகப் போயிருந்த வாரம் அது. தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு ரிங்லெட் மலை வளைவுகளில் எல்லாம் ஏறி, டீ ஹவுஸ் வாசலில் வந்து நின்றாள். கூட்டம்தான், ஆனால் ஓரத்தில் ஒரு மேஜை காலியாகிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து “அத்தை” என்று சிரித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை முன்னால் கட்டிக்கொண்டு, முகத்தை அந்த மேனேஜர் சொல்லிக் கொடுத்த மாதிரி வைத்துக்கொண்டு, “வீ சின்சியர்லி அபாலஜைஸ், மேடம். வீ ரிக்ரெட் தட் நோ டேபிள் இஸ் அவெய்லபிள்” என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நல்ல இங்கிலீஷ் அதுதான். பக்கத்தில் மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். கவிதா முகம் சுருங்கிப்போனது. வெளியே போய், டீச் செடி சரிவுக்குப் பக்கத்தில் இருக்கிற பெஞ்சில், தூறலில், குடைகூட இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். என் வேலை முடிகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே தட்டு கழுவினேன். சினிமா காட்டுகிறாள் என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குக் கூட்டிப்போய்த் துண்டு எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே அவள் கேட்டாள், “அத்தை, நீங்க எங்களோட வந்து இருக்கப் பிடிக்கலேன்னு சொன்னீங்களாமே? மேரியக்காவோட தானா ராத்தா டவுன்ல ரூம் பாத்துட்டீங்களாம். நான் உங்களுக்குன்னு பின்னாடி ரூம சுத்தம் பண்ணி வச்சிருந்தேன். நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா? அதக் கேக்கத்தான் வந்தேன்.” போனை எடுத்து உன் சேதியைக் காட்டினேன். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். “இதுல நான் எங்க இருக்கேன்?” என்றாள். அந்த ‘வீ’யில் என்றேன். “எனக்குத் தெரியவே தெரியாது அத்தை” என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுததில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போது எனக்கு உன் மேல் வந்த கோபத்தை இந்தத் தாள் தாங்காது. அம்மாவிடம் வீட்டில் வசதியில்லை என்றும், பெண்டாட்டியிடம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லி, இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறாய். ஏன் இப்படிச் செய்தான் என்று அவளிடம்தான் கேட்டேன். சொல்லத் தயங்கினாள். வற்புறுத்தினேன். “அவருக்குப் பயம் அத்தை. நீங்க வந்தா வீட்ல ஒவ்வொண்ணுக்கும் கேள்வி வருமேன்னு. ஜாகாகிட்ட நீங்க விசாரிச்சத அந்த ஜாகாவே எங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டாரு. எனக்கு ரொம்ப கோவம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் போயிருச்சு. எங்கம்மாவும் இப்படித்தான் லா. ஆனா உங்க பிள்ளைக்குப் போகல. அன்னைக்கு ராத்திரி சோறுகூட சாப்பிடல அவரு.” என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறான். வெள்ளத்துக்கும் மண் சரிவுக்கும் பயப்படாமல் இந்த மலையில் வளர்ந்தவன், தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அம்மா காது வைப்பாளோ என்று பயப்படுகிறான். நான் தேடிக்கொண்டே இருந்தேனே, இதையெல்லாம் யார் செய்தது என்று. கடைசியில் அந்த விசாரணை என் வாசலில்தான் வந்து நின்றது.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எப்படிக் கேட்பது? மருமகளிடம் மாமியார் மன்னிப்புக் கேட்கிற வார்த்தை நம் லைனில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. தமிழில் ‘மன்னித்துக்கொள்’ என்றால் மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது. பெரிய சாரியை மத்தியானமே அவள் முகத்தில் எறிந்துவிட்டேன். கடைசியில், டீ தாமதமானால் சொல்கிற அந்தச் சின்ன சாரிதான் வாயில் வந்தது. “சாரிமா. ஜாகாகிட்ட கேட்டது நான்தான். உன்னைய நம்பாமத்தான் கேட்டேன். மழையில உக்கார வச்சதும் நான்தான்.” ‘நான்தான்’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. அவள் “அய்யோ அத்தை, விடுங்க” என்றாள். கட்டிப்பால் ஊற்றி, இஞ்சி தட்டிப்போட்டு ஒரு டீ வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் அடுப்படியில் நின்றுகொண்டே குடித்தோம். கிளம்பும்போது, “நான் நடுவுல நின்னு பேச மாட்டேன் அத்தை, நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க” என்றாள். கெட்டிக்காரிதான். இவ்வளவு நல்லவளாக இருக்கிறாளே என்று இப்போதும் ஓர் ஓரத்தில் எனக்கு உறுத்துகிறது. அது என் வியாதி, அவள் குறை இல்லை.

உன் மேல் முழுப் பழியையும் போட எனக்கு ஆசைதான், ஆனால் முடியவில்லை. தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, முறுக்கைக் கடித்துக்கொண்டே போனைப் பார்த்தபடி, “வேலை முடிஞ்சா எங்கம்மா இருப்ப?” என்று கேட்டாய். ‘எங்க வீட்டுக்கு வந்துரு’ என்று சொல்லாமல் இப்படிக் கேட்கிறானே என்று எனக்குச் சுருக்கென்றது. உடனே, “எனக்கென்னடா, மேரியோட ரூம் எடுத்துக்குவேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?” என்றேன். நீ உடனே தலையாட்டிவிட்டாய். ‘அதெல்லாம் முடியாது, நீ எங்களோடதான் இருக்கணும்’ என்று நீ சண்டை போடுவாய் என்று காத்திருந்தேன். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று முழுக்க உன்னைக் குறை சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். இப்போது நினைத்துப் பார்த்தால், ‘தொந்தரவு வேண்டாம்’ என்று நான் சொன்னதும் பெரிய சாரிக்குச் சொந்தக்காரிதான். மரியாதையாக இருக்கும், யாரும் குற்றம் சொல்ல முடியாது, உள்ளே இருப்பது மட்டும் வெளியே வராது. நீ இதை ஆபீஸில் கற்றுக்கொண்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் ஒரு வாத்தியார் இருந்திருக்கிறாள்.

அதனால் உள்ளே இருப்பதை நேராகவே எழுதுகிறேன். எனக்கு உன்னோடு இருக்க வேண்டும். மேரியோடு ரூம் எடுக்க எனக்கு ஆசை இல்லை, அவளுக்கும் அது தெரியும். நீ வேலை முடிந்து வந்து சாவியை எறிகிற சத்தம் கேட்க வேண்டும். நீயும் கவிதாவும் என்ன சண்டை போட்டாலும் அந்த வீட்டில் ஒரு மூலையில் நான் இருக்க வேண்டும். தொந்தரவாக இருக்க மாட்டேன் என்று எழுத மாட்டேன், இருப்பேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். ஏன் லேட் என்று கேட்பேன். ஜாகாவிடம் போக மாட்டேன், அது ஒன்றைச் சத்தியமாகச் சொல்ல முடியும். மற்றதெல்லாம் முயற்சி பண்ணுகிறேன் என்றுதான் சொல்ல முடியும், இந்த வயதில் அதற்கு மேல் பொய்யாகிவிடும். நான் எல்லை மீறினால் “அம்மா, போதும்” என்று சொல்லு. கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பேன், பிறகு வந்துவிடுவேன்.

இவ்வளவு கேட்ட பிறகும் உனக்குப் பயம் போகவில்லை என்றால், அதுவும் உன் உரிமைதான். உன் வீடு அது. ஆனால் அதை எழுதி அனுப்பாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. வந்து என் முன்னால் உட்கார்ந்து, “வேணாம்மா, நீ வர வேணாம்” என்று உன் வாயால் சொல்லு. காரணம்கூடச் சொல்ல வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். உன் எதிரிலேயே அழுவேன். அழுதுவிட்டு உனக்குச் சோறு போடுவேன்.

அம்மா